பிக்கப்புக்குப் பிக்கப் கூடுமா?

நம் ஊர் ஒர்க்ஷாப்புகளில் ‘பிக்கப்’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. பின்னால் திறந்த தொட்டி வைத்த வண்டியும் பிக்கப். ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி பாய்கிற பாய்ச்சலும் பிக்கப். ‘வண்டில பிக்கப்பே இல்லண்ணே’ என்று யாராவது வந்து நின்றால், மெக்கானிக் முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று ஏர் ஃபில்டர் பெட்டி. இந்த இரண்டு பிக்கப்பையும் சேர்த்து முடிச்சுப் போட்டு விற்கும் தொழில் ஒன்று அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகக் கொழித்துக்கொண்டிருக்கிறது. கம்பெனி பொருத்திய கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றிவிட்டு, அகலமான குழாயையும் கூம்பு வடிவச் சிவப்பு ஃபில்டரையும் மாட்டுங்கள்; குதிரைத்திறன் 10, 15 கூடும், மைலேஜும் ஏறும் என்பது வாக்குறுதி. ‘கோல்டு ஏர் இன்டேக்’ என்று பெயர். விலை பெரும்பாலும் 300 முதல் 500 டாலர்; நம் பணத்தில் 25,000 ரூபாய்க்குக் குறையாது. அன்றாடம் சாலையில் ஓடும் பிக்கப்புக்கு இந்தச் செலவு வீண் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. கிடைக்கக்கூடிய லாபத்தின் உச்சவரம்பைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கணக்குப் போட்டுவிடலாம். அதற்குக் கைமாறாக எதை இழக்கிறோம் என்பதைத்தான் விளம்பரங்கள் சொல்வதில்லை.

ஃபோர்டு எஃப்-150-ஐ எடுத்துக்கொள்வோம். ஃபோர்டின் எஃப் வரிசைதான் 1977 முதல் அமெரிக்காவில் மிக அதிகம் விற்கும் பிக்கப். ஆகவே இந்த வணிகத்துக்கும் அது பெரிய சந்தை. அதன் 5 லிட்டர் வி8 பெட்ரோல் என்ஜின் 2021 மாடலிலிருந்து 400 குதிரைத்திறன் தருகிறது. நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 6000 சுற்றில் அது 15,000 லிட்டர். மொட்டை மாடியில் நிற்கும் 1000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி கொள்ளும் காற்றை நான்கு வினாடிக்கு ஒருமுறை காலி செய்கிற வேகம். ‘இவ்வளவு காற்று அந்தச் சின்னப் பெட்டி வழியாகப் போக முடியுமா, மூச்சுத் திணறாதா?’ என்று கேட்கத் தோன்றுவது நியாயம். விற்பவரின் பேச்சு முழுவதும் இந்த ஒரு நியாயமான சந்தேகத்தின் மேல்தான் நிற்கிறது. திணறுகிறதா என்று ஊகிக்க வேண்டியதில்லை, அளந்தே பார்க்கலாம்.

அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கட்டட வேலையில் கொத்தனார் மட்டம் பார்க்கும் அதே டியூப் போதும். ஒரு பலகையில் அதை ‘ப’ எழுத்தைப் போல வளைத்துக் கட்டி, பாதிவரை சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஃபில்டருக்குப் பின்னாலிருக்கும் இன்டேக் குழாயில் செருக வேண்டும். மறுமுனை திறந்தே இருக்கட்டும். ஃபில்டரும் குழாயும் எவ்வளவு தடை போடுகின்றனவோ, அந்த அளவுக்கு என்ஜின் பக்கத்துத் தண்ணீர் மேலே ஏறும். நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தம் ஏறக்குறைய 10 மீட்டர் உயரத் தண்ணீரின் எடைக்குச் சமம். ஆகவே டியூபின் இரு பக்கமும் 10 சென்டிமீட்டர் வித்தியாசம் காட்டினால், என்ஜினுக்குப் போகும் காற்றில் 1 சதவீதம்தான் குறைகிறது என்று பொருள். 400 குதிரைத்திறனில் 1 சதவீதம் என்பது 4. விளம்பரம் சொல்லும் 15 குதிரைத்திறன் கிடைக்க வேண்டுமென்றால், கம்பெனிப் பெட்டி 38 சென்டிமீட்டர் அளவுக்குத் தடை போட்டிருக்க வேண்டும். புதிதாக மாட்டுவதோ தடையே போடக் கூடாது. பெரிய டீசல் என்ஜின்களில் ‘ஃபில்டர் அடைத்துவிட்டது, மாற்று’ என்று எச்சரிப்பதற்குப் பரவலாக வைத்திருக்கும் எல்லையே 25 அங்குலத் தண்ணீர், அதாவது சுமார் 63 சென்டிமீட்டர். ஷோரூமிலிருந்து வந்த வண்டியின் சுத்தமான ஃபில்டர் அந்த எல்லையில் பாதிக்கும் மேல் அடைபட்டுக் கிடக்கிறது என்று நம்பத் தயாராக இருப்பவர்தான் இந்த 15-ஐயும் நம்ப முடியும்.

அதுவும் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்து, என்ஜின் உச்ச வேகத்தில் அலறும்போது மட்டும். நெடுஞ்சாலையில் 2000 சுற்றில் சீராகப் போகும்போது கதையே வேறு. பெட்ரோல் என்ஜினில் காற்றுக்கு உண்மையான தடை ஃபில்டர் இல்லை. த்ராட்டில் என்ற அந்த வட்டத் தகடுதான். நாம் காலை லேசாக வைத்திருக்கும்போது அது முக்கால்வாசி மூடிக்கொண்டு, உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை வெளிக்காற்றில் பாதியாகக்கூடக் குறைக்கிறது. டியூப் கணக்கில் அது 5 மீட்டர் தண்ணீர். அதே நேரத்தில் ஃபில்டர் வழியாகப் போகும் காற்று, முழு வேகத்தில் போவதில் ஆறில் ஒரு பங்குதான். அதன் தடை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தேறினால் அதிகம். வாசல் கதவைச் சாத்திவிட்டுத் தெருக்கோடியில் இருக்கும் கேட்டை அகலப்படுத்துவது போன்ற வேலை இது. ஃபில்டர் பக்கம் தடை குறைந்தால், அதே வேகத்தில் போக நம் கால் த்ராட்டிலை இன்னும் கொஞ்சம் மூடும், கணக்கு நேராகிவிடும். மைலேஜ் எங்கிருந்து வரும்?

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் இதைச் சோதித்து வெளியிட்டது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் எரிபொருள் பீய்ச்சும் நவீன கார்களில் ஃபில்டர் நன்றாக அடைத்துக்கொண்டபோதும் மைலேஜில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. முழு வேகமெடுக்கும் நேரம்தான் 6 முதல் 11 சதவீதம் வரை அடிபட்டது. சோதித்தவை கார்கள், பிக்கப் இல்லை என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் த்ராட்டிலும், பெட்ரோல்-காற்று விகிதத்தைத் திருத்த உதவும் ஆக்சிஜன் சென்சாரும் இரண்டிலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அடைபட்ட ஃபில்டரே மைலேஜைக் கெடுக்கவில்லை என்றால், சுத்தமான ஃபில்டரை விலை உயர்ந்த இன்னொரு சுத்தமான ஃபில்டராக மாற்றி என்ன மிச்சம் பிடிக்கப் போகிறோம்? ‘ஃபில்டர் அடைச்சா வண்டி பெட்ரோல் குடிக்கும்’ என்று நம் மெக்கானிக்குகள் சொல்வதும் பொய்யில்லை. அது கார்புரேட்டர் காலத்து உண்மை. அதே ஆய்வில் கார்புரேட்டர் வைத்த பழைய காரில் மைலேஜ் சில சதவீதம் மாறவே செய்தது. நம் இருசக்கர வண்டிகளில் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வரும்வரை கார்புரேட்டர்தான் அதிகம். அதனால்தான் அந்தக் காலத்து அறிவு இன்னும் நம் நாக்கில் இருக்கிறது, விற்பவருக்கும் கைகொடுக்கிறது.

‘கோல்டு ஏர்’ என்ற பெயருக்கு வருவோம். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, உண்மை. 40 டிகிரி வெயிலில் காற்றின் வெப்பத்தை 10 டிகிரி குறைத்தால் அடர்த்தி 3 சதவீதத்துக்கும் சற்று மேல் கூடும். ஆனால் இந்தக் குழாய் ஒன்றும் ஏசி மெஷின் இல்லை. வெளிக்காற்றைவிடக் குளிர்ந்த காற்றை எந்தக் குழாயும் கொண்டுவர முடியாது. இன்றைய பிக்கப்புகளில் கம்பெனிக் குழாயே ரேடியேட்டருக்கு மேலிருந்தோ, சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டரின் உட்புறத்திலிருந்தோ வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. வெளியே வாங்கி மாட்டும் பல இன்டேக் கிட்டுகளோ மூடிய பெட்டியை எடுத்துவிட்டு, ஃபில்டரை பானெட்டுக்குள் திறந்த மேனியாக நிறுத்துகின்றன. நடுவில் ஒரு தகடு மறைப்பு இருந்தால் பெரிய விஷயம். டிராஃபிக் சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் அது குடிப்பது ரேடியேட்டர் கக்கிய வெப்பத்தை. காற்று 20 டிகிரி சூடானால் 6 சதவீத அடர்த்தி போயிற்று. குளிர்காற்று என்று பெயர் வைத்துவிட்டு வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்த கதை.

‘அப்படியானால் டைனோ சீட்டு பொய்யா?’ என்று கேட்பார்கள். சக்கரங்களை உருளையின் மேல் ஓடவிட்டுச் சக்தியை அளக்கும் டைனோ மெஷினில் 12 குதிரைத்திறன் கூடியதாக அச்சிட்ட வரைபடத்தை யாரும் சும்மா கிழித்துப் போட முடியாது. வலுவான எதிர்வாதம் இது ஒன்றுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். டைனோவில் வண்டி பெரும்பாலும் பானெட்டைத் திறந்து வைத்து, முன்னால் பெரிய மின்விசிறி ஓட நிற்கிறது. திறந்த ஃபில்டரின் பலவீனம், அதாவது பானெட்டுக்குள் தேங்கும் வெப்பம், அங்கே மறைந்துவிடுகிறது. என்ஜின் ஆறியிருக்கும் ஓட்டத்துக்கும் சூடேறிய ஓட்டத்துக்குமே சில குதிரைத்திறன் வித்தியாசம் வரும். எந்த ஓட்டத்தை எதோடு ஒப்பிட்டார்கள் என்பது சீட்டில் இருக்காது. இவற்றைத் தாண்டியும் கூடுதல் வந்தால், அதற்கு இன்னொரு மூலம் இருக்கலாம். இன்டேக் குழாயில் ஏர்ஃப்ளோ சென்சார் என்று ஒன்று உண்டு. குழாயின் அளவு இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, தன்னை உரசிப் போகும் காற்றை வைத்து மொத்தக் காற்றைக் கணக்கிடுவது அது. அது உட்காரும் இடத்தில் குழாயை அகலமாக்கினால், காற்று மெதுவாக உரசும். காற்று குறைவு என்று எண்ணி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்கும். முழு மிதியில் என்ஜின் சூடேறாமலிருக்கக் கம்பெனிகள் தேவைக்குச் சற்று அதிகமாகவே பெட்ரோல் விடுவது வழக்கம். அந்தக் காப்பைக் கொஞ்சம் சுரண்டினால் நாலைந்து குதிரைத்திறன் மேலே வரும். காற்று கூடியதால் வந்த சக்தி இல்லை அது; பாதுகாப்புக்காக வைத்த பெட்ரோலைத் திருடியதால் வந்தது. டைனோவின் பத்து வினாடி ஓட்டத்தில் அது தெரியாது. இரண்டு டன் டிரெய்லரை மலைப்பாதையில் இழுக்கும் மதியத்தில் பிஸ்டனுக்குத் தெரியும். கணக்கு ரொம்பப் பிசகினால் ‘செக் என்ஜின்’ விளக்கு எரிந்து, பி0171 என்ற குறியீட்டோடு, கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று வண்டியே புகார் சொல்லும்.

டர்போ வைத்த டீசல் பிக்கப்புக்கு இந்தக் கிட் இன்னும் தேவையற்றது. நம் பக்கத்தில் ஓடுபவை இவைதான்: 2022-இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ், சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுஸு வி-கிராஸ், இலங்கையில் ‘டபுள் கேப்’ என்று செல்லமாக அழைக்கப்படும் பலவும். டர்போ என்பதே காற்றை உள்ளே தள்ளும் விசிறி. வெளியே தடை கொஞ்சம் கூடினால் கம்ப்யூட்டர் டர்போவை இன்னும் கொஞ்சம் சுழலவிட்டு அதே அழுத்தத்தைக் கொண்டுவந்துவிடும். தடை குறைந்தால் சுழற்சியைக் குறைத்துக்கொள்ளும். அமுக்கத்தில் சூடேறிய காற்றை ஆற்றுவதற்கு இன்டர்கூலரும் பின்னாலேயே இருக்கிறது. அதோடு டீசல் என்ஜின் எப்போதும் தேவைக்கு மேல் காற்றோடுதான் எரிகிறது. சக்தியைத் தீர்மானிப்பது டீசலின் அளவு. கம்ப்யூட்டரில் டீசலைக் கூட்டாமல் காற்றை மட்டும் கூட்டுவது, அரிசி போடாமல் உலையில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம்.

லாபம் இவ்வளவுதான் என்றால், நட்டம் என்ன? தூசி. ஏர் ஃபில்டரின் பிறவிக் கடமையே அதுதான் என்பதை இந்தப் பேச்சில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சாலைத் தூசியில் பெரும்பங்கு சிலிக்கா. மணல்தான் அது, என்ஜினின் உள்ளே இருக்கும் பெரும்பாலான உலோகங்களைவிடக் கடினமானது. கண்ணுக்குத் தெரியாத, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள துகள்கள் சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டன் ரிங்குக்கும் இடையே எண்ணெய்ப் படலத்தில் மாட்டிக்கொண்டு உப்புத்தாள் வேலை பார்க்கும். ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. அதற்குப் பயன்படுத்தும் தூசி வகைக்கு அரிசோனா பாலைவனத்தின் பெயர்தான் வழங்குகிறது. சாதாரணப் பேப்பர் ஃபில்டர் இந்தச் சோதனையில் 99 சதவீதத்துக்கும் மேல் தூசியைப் பிடிப்பது வழக்கம். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர்கள் பொதுவாக 96 முதல் 99 சதவீதத்துக்குள் நிற்கின்றன. ‘இரண்டு சதவீதம்தானே’ என்று தோன்றும். பிடித்ததை எண்ணக் கூடாது, விட்டதை எண்ண வேண்டும். 99.5 பிடிப்பது 100 கிராமில் அரை கிராமை உள்ளே விடுகிறது. 97 பிடிப்பது 3 கிராமை விடுகிறது. ஆறு மடங்கு மணல்! தடை குறைவு என்று எதை விற்கிறார்களோ, அது பெரும்பாலும் துளை பெரிது என்பதன் மறுபெயர். தார்ச்சாலையில் மட்டும் ஓடினால் என்ஜின் ஆயுளில் இது தெரியாமலே போகலாம். கல்குவாரிப் பாதையிலும் செம்மண் புழுதியிலும் ஓட வேண்டிய வண்டிக்கு அது நேரடிச் செலவு. பிக்கப் என்ற வண்டி பிறந்ததே அந்தப் பாதைகளுக்காகத்தான்.

கழுவி மறுபடி போடலாம், ஆயுளுக்கும் ஒன்றே போதும் என்ற வாதமும் உண்டு. ஃபோர்டு எஃப்-150-க்குச் சாதாரணச் சாலையில் பேப்பர் ஃபில்டரை மாற்றச் சொல்லியிருப்பது 30,000 மைலுக்கு ஒருமுறை, அதாவது சுமார் 48,000 கிலோமீட்டர். 300 டாலர் கிட் தன் விலையை அந்த மிச்சத்தில் எடுக்க எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கழுவுவதும் சும்மா இல்லை: தனி சோப்பு நீர், நிழலில் முழுதாகக் காயவைப்பு, பிறகு அளவாக எண்ணெய். எண்ணெய் குறைந்தால் தூசி நிற்காது. கூடினால் காற்றோடு போய் அந்த ஏர்ஃப்ளோ சென்சாரின் மெல்லிய கம்பியில் படியலாம். ஃபில்டர் தயாரிப்பாளர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. அளவாகத் தடவினால் பிரச்சினையே இல்லை என்கிறார்கள். அந்த ‘அளவாக’ என்பது ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டு வாசலில் குந்தி உட்கார்ந்து எண்ணெய் தடவுகிறவரின் கையில் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கலிஃபோர்னியாவில் மாநிலக் காற்று வாரியம் சோதித்து உத்தரவு எண் கொடுத்த கிட்டுகளைத்தான் சாலை வண்டியில் மாட்டலாம். எண் இல்லாதது புகைச் சோதனையில் தோற்கும். வேறு கம்பெனியின் பாகத்தை மாட்டியதை மட்டும் காரணம் காட்டி வாரண்டியை மறுக்க முடியாது என்பது அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டு மேக்னுசன்-மாஸ் சட்டத்தின் பாதுகாப்பு. இந்தியாவில் அந்தச் சட்டம் இல்லை. மாட்டுவதற்கு முன் டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் மாட்டியவர்கள் பலர் ‘வண்டி வேற மாதிரி இழுக்குது’ என்று சத்தியம் செய்கிறார்களே? அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கேட்பது சத்தம். கம்பெனிக் குழாயின் ஓரத்தில் எதற்கென்றே புரியாத ஒரு காலி டப்பா தொங்கும். குப்பி வாயில் ஊதினால் ஒரே சுருதியில் ஒலி வருமே, அதே தத்துவத்தை எதிர்ப்பக்கமாகத் திருப்பி, என்ஜினின் உறிஞ்சு சத்தத்தை விழுங்குவதற்காக வைத்தது அது. 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயரால் அழைக்கிறார்கள். புதுக் கிட் அந்த டப்பாவை எடுத்துவிடுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் பானெட்டுக்குள்ளிருந்து ஓர் உறுமல் எழும்புகிறது; காது கேட்டதைக் கால் நம்பிவிடுகிறது. ‘செலவைக் குறைக்கக் கம்பெனிக்காரன் சின்னக் குழாய் வைத்துவிட்டான்’ என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் இதில் இருக்கிறது. விளம்பரத்தில் ஐந்து குதிரைத்திறன் கூடக் காட்டப் போட்டி போடும் கம்பெனிகள், கொஞ்சம் பிளாஸ்டிக்கை மிச்சம் பிடிக்க அதை விட்டுக்கொடுக்கப் போவதில்லை. அவர்கள் விட்டுக்கொடுத்தது சத்தத்தை. அந்தச் சத்தம் பிடித்து, அதற்காகவே பணம் கொடுக்கிறவரிடம் சண்டை போட ஒன்றுமில்லை. வீட்டில் நல்ல ஸ்பீக்கர் வாங்குவது போலத்தான் இதுவும். சத்தத்துக்குக் கொடுத்த பணத்தைச் சக்தியின் கணக்கில் எழுதக் கூடாது, அவ்வளவே.

உண்மையிலேயே இன்டேக்கை மாற்ற வேண்டிய வண்டிகளும் உண்டு. சூப்பர்சார்ஜர் ஏற்றி, கம்ப்யூட்டரைப் புதிதாக ட்யூன் செய்து, சக்தியை ஒன்றரை மடங்கு ஆக்கிய என்ஜினுக்குக் கம்பெனிப் பெட்டி போதாமல் போகலாம். அங்கே டியூபின் தண்ணீர்மட்டமே அதைக் காட்டிக்கொடுக்கும். இன்னொன்று ஸ்நார்க்கல். ஆஸ்திரேலியப் பாலைச் சாலைகளில் ஹைலக்ஸின் கண்ணாடி ஓரமாகக் கூரை உயரத்துக்கு ஏறி நிற்கும் அந்தக் குழாய் சக்தியைக் கூட்டுவதற்காக வைத்ததில்லை. முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதி தரையோரம்தான் கெட்டியாக இருக்கும்; கூரை உயரத்தில் காற்று தெளிவு. வெள்ளத்திலும் அதற்கு மதிப்பு இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, தேங்கிய நீரில் ஓட்டப்பட்ட கார்களின் என்ஜின் தண்ணீரை உறிஞ்சிக் கனெக்டிங் ராடு வளைந்து போனதை நகரம் பார்த்தது. தண்ணீரை எந்தப் பிஸ்டனாலும் அமுக்க முடியாது. பம்பருக்குப் பின்னால் தாழ இறக்கிவிடும் ‘கோல்டு ஏர்’ குழாய்கள் இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கின்றன.

ஆகவே, வண்டி பிக்கப் குறைந்ததாகத் தோன்றினால், கிட் விலையை விசாரிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். என்ஜினை அணைத்து ஆறவிட்டு, பெட்டியின் கிளிப்புகளைத் திறந்து பழைய பேப்பர் ஃபில்டரை எடுத்துவிட்டு, சுத்தமான ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றிக்கொண்டு ஃபில்டருக்குப் பின்பக்கக் குழாயின் உட்சுவரைத் துடைத்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் கம்பெனிப் பெட்டி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது; புது ஃபில்டர் போட்டு மூடிவிடலாம். செம்மண் நிறம் ஒட்டினால் ஃபில்டரின் ரப்பர் விளிம்பு சரியாக உட்காரவில்லை, அல்லது பெட்டி விரிசல் விட்டிருக்கிறது. முதல் செலவு அதற்குத்தான்.